புளியோதரை டப்பாவில் ஒரு கல்

நான் ஒரு கல்லைத் திருடினேன். சின்னக் கல்தான், கொய்யாப்பிஞ்சு அளவு. பாருங்கள், ஒப்புக்கொள்ள உட்கார்ந்த இரண்டாவது வரியிலேயே ‘சின்னக் கல்தான்’ என்று கை எழுதிவிட்டது.

இடம், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா. நாள், போன அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. நேரம், காலை எட்டே காலுக்கும் எட்டரைக்கும் நடுவில். சாட்சி, ஒரு அண்டங்காக்கை.

பீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய சாண்ட்லரில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். அந்த மாதம் அலுவலகத்தில் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. மூன்றாவது வருடமாக என் பெயர் அதில் இல்லை. ஒரு வாரம் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனைவிதான் சொன்னாள்: “லீவு நாலு நாள் பாக்கி இருக்குல்ல, எங்கயாவது போய்ட்டு வாங்க. இந்த மூஞ்சியப் பார்த்துப் பார்த்து எனக்கும் அலுத்துப்போச்சு.” மகளுக்குப் பள்ளிக்கூடம், அவளுக்கு வேலை. அதனால் நான் மட்டும். மூன்று நாள், இரண்டு ராத்திரி, செம்பாறைத் தேசம் முழுக்க ஒரு சுற்று. மதியத்துக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தாள், மூடி இறுகப் பிடிக்கும் எவர்சில்வர் டப்பாவில்.

விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினேன். 87ஆம் சாலையில் முதல் ஒரு மணி நேரம், முகப்பு விளக்கு வெளிச்சத்தில் ஆளுயரத்துக்கு மேல் கை தூக்கி நிற்கும் சகுவாரோ கள்ளிகள். பேய்சன் ஊருக்கு மேலே போனால் கள்ளி போய் பைன் மரம் வந்துவிடும். அந்த மலை விளிம்பைத் தாண்டி இறங்கினால் மரமே இல்லை, வானம்தான். ஏழரைக்கு ஹோல்புரூக். அந்தச் சின்ன ஊரில் சாலையோரக் கடைகளின் வாசலில் கல்லாய்ப் போன மரங்களை விறகு மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். தனியார் நிலத்தில் தோண்டி எடுத்தது, சட்டப்படி விற்கலாம். சிறு துண்டுகள் சில டாலருக்கே கிடைக்கும். நான் திருடியது காசு கொடுத்தால் கிடைக்காத பொருள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைகள் இன்னும் திறக்கவில்லை என்பதும் காரணம் இல்லை. திறந்திருந்தாலும் வண்டியை நிறுத்தியிருக்க மாட்டேன்.

விழுப்புரம் மாவட்டத்துக்காரனுக்குக் கல்மரம் புதிதில்லை. திருவக்கரை வக்கிரகாளியம்மனைக் கும்பிடப் பௌர்ணமிக்குக் கூட்டம் அள்ளும். வந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே இருக்கும் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்க்காமல் பஸ் ஏறிவிடுவார்கள். எங்கள் அப்பா மட்டும் தவறாமல் கூட்டிப் போவார். “இது மரமா கல்லா, தட்டிப் பார்த்துச் சொல்லு” என்பார். அந்த மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி வருடம். அரிசோனாவில் கிடப்பவற்றுக்கு 20 கோடிக்கும் மேல். டைனோசர்கள் தலையெடுக்கத் தொடங்கிய ட்ரையாசிக் காலத்து மரங்கள். அப்போது அந்த நிலமே பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தது. வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரம் சேற்றில் புதைந்து, காற்றுப் படாததால் மக்காமல் கிடக்கிறது. எரிமலைச் சாம்பலில் இருந்து கரைந்த சிலிக்கா தண்ணீரோடு உள்ளே ஊறி, நார் இருந்த இடத்தில் குவார்ட்ஸாக உட்கார்ந்துகொள்கிறது. இரும்பு சேர்ந்த இடம் சிவப்பும் மஞ்சளும், மாங்கனீசு சேர்ந்த இடம் கருப்பும் ஊதாவும். ரம்பம் போட்டு அறுத்தது போல உருளை உருளையாகக் கிடக்கும், ஆனால் யாரும் அறுக்கவில்லை. நிலம் மேலெழும்பியபோது, வளையத் தெரியாத குவார்ட்ஸ் குறுக்கே முறிந்துபோனது.

பூங்காவின் தெற்கு வாசலில் அன்றைக்கு முதல் வண்டி என்னுடையது. கிறிஸ்டல் ஃபாரஸ்ட் என்று ஒரு முக்கால் மைல் நடைபாதை. அந்தப் பேருக்குக் காரணமான படிகங்களில் பெரும்பாலானவை இப்போது இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டைனமைட் வைத்து மரங்களைப் பிளந்து, உள்ளே இருந்த செவ்வந்திக்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கல்மரத்தை அரைத்துத் தேய்ப்புப்பொடி பண்ண ஒரு ஆலைகூடப் பக்கத்தில் கட்டினார்கள். பார்த்துச் சகிக்காமல் ஊர்க்காரர்கள் குரல் கொடுத்து, 1906இல் தியோடர் ரூஸ்வெல்ட் அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தார். இதையெல்லாம் நான் அங்கே போவதற்கு முந்தின ராத்திரியே படித்திருந்தேன். படித்துவிட்டு, ‘என்ன ஜனங்களோ’ என்று மனைவியிடம் அலுத்தும்கொண்டேன்.

பாதை ஓரத்தில், காலுக்கு ஒரு சாண் தள்ளி அது கிடந்தது. ஒரு பக்கம் மரப்பட்டை. வரி வரியாக, தொட்டால் உதிர்ந்துவிடும் போல. முறிந்த பக்கம் பீட்ரூட்டை வெட்டின மாதிரி சிவப்பு, நடுவில் ஒரு மஞ்சள் கீற்று, விளிம்பில் கற்கண்டு ஒட்டினது போல வெள்ளைப் பொடிப் படிகம். ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது, குனிந்தேன். இல்லை, அவிழ்ந்திருக்கவில்லை. நான்தான் அவிழ்த்தேன். சுற்றிலும் கண்ணுக்கு எட்டின தூரம் ஆள் இல்லை. அப்படியும் எனக்கு நானே ஒரு சாக்கு காட்ட வேண்டியிருந்தது.

எழுந்தபோது கல் ஜிப் வைத்த ஜாக்கெட் பையில் இருந்தது. நினைத்ததைவிடக் கனம். ஒரு மரத்துண்டின் மேல் உட்கார்ந்திருந்த காக்கை தலையைச் சாய்த்துப் பார்த்தது.

என்ன நினைத்து எடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அழகாக இருந்தது, ஆசைப்பட்டேன் என்று முடித்துக்கொண்டால் கௌரவமாக இருக்கும். ஆனால் உள்ளே வேறு ஒரு கணக்கு ஓடியது. பதினோரு வருடமாக வரி கட்டுகிறேன். கிரீன் கார்டு வரிசை நகரவே இல்லை. எனக்குப் பின்னால் வந்தவன் எனக்கு மேனேஜர். இந்த நாடு எனக்கு ஏதோ பாக்கி வைத்திருக்கிறது, அதில் ஒரு கல்லைக் கழித்துக்கொள்கிறேன். பதவியைத் தராத ஆள் வேறு, கல்லுக்கு உரியவர்கள் வேறு என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரவில்லை.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. 2019இல் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகனைத் திருவக்கரைக்குக் கூட்டிப் போனேன். ஒன்பது வயசுப் பையன். திரும்பும்போது அவன் கால்சட்டைப் பை புடைத்திருந்தது. “என்னடா அது?” என்றேன். “ஒரே ஒரு கல்லுதான் மாமா.” கோயிலுக்கு வந்த கூட்டம் முழுக்க நின்று பார்க்க, அவனைத் திரும்ப உள்ளே இழுத்துப் போய், எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். ஆளுக்கு ஒன்றாக எடுத்தால் என்ன மிஞ்சும், அமெரிக்காவில் இப்படியா செய்கிறார்கள் என்று ஒரு பிரசங்கம். அவன் அழுதான். “விடுடா, குழந்தைதானே” என்றாள் அக்கா. நான் விடவில்லை. அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பூங்காவுக்குள் சாலை 28 மைல். நான் எடுத்தது தெற்கு முனையில், வெளியே போக வேண்டியது வடக்கு முனையில். நடுவில் எத்தனையோ இடத்தில் வண்டியை நிறுத்தலாம், திரும்பலாம். நிறுத்தினேன், படம் எடுக்க. ப்ளூ மெசாவில் நீலமும் சாம்பலுமாக வரி போட்ட களிமண் குன்றுகள். பழைய 66ஆம் சாலை போன தடத்தில் துருப்பிடித்து நிற்கும் 1932 மாடல் ஸ்டூடிபேக்கர் கார். பெயின்டட் டெசர்ட் விளிம்பில் நின்றால் அடிவானம் வரை ரோஜா நிறம். வாசல் நெருங்க நெருங்கக் கைதான் வேர்த்தது. புளியோதரையைப் பத்தரை மணிக்கே தின்று தீர்த்தேன், பசித்து அல்ல, டப்பா காலியாக வேண்டும் என்று. கல்லை டிஷ்யூ பேப்பரில் சுற்றி உள்ளே வைத்து மூடினேன்.

வாசலில் ஒரு ரேஞ்சர் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். அறுபதை நெருங்கிய வயது, தொப்பிக்குக் கீழே வெள்ளை முடி. கல், மரம், படிமம் ஏதாவது வண்டியில் இருக்கிறதா என்று கேட்டார். “நோ மேம்” என்றேன். டப்பா பக்கத்து இருக்கையில் இருந்தது. அவர் கண் ஒரு நொடி அதன்மேல் நின்று, என் முகத்துக்கு வந்து, சிரித்தது. நல்லபடியாகப் போய் வாருங்கள் என்றார். பின்னிருக்கையில் குழந்தை உட்காரும் பூஸ்டர் சீட், டேஷ்போர்டில் பிள்ளையார். இந்தக் குடும்பஸ்தன் முகத்தை நான் அன்றைக்குத் தெரிந்தேதான் பயன்படுத்தினேன். பொய் சொல்லக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

மனைவியும் மகளும் கூட இருந்திருந்தால் அந்தக் கல்லை நான் தொட்டிருக்கவே மாட்டேன், இது சத்தியம். இத்தனை வருடம் என் நேர்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, பெரும்பாலும் பக்கத்தில் யாராவது இருந்ததுதான் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு நான் பார்த்த ஊர்களைப் பற்றிப் பத்து பக்கம் எழுதலாம். நியாயமாக எழுதவும் வேண்டும், அப்படிப்பட்ட இடங்கள். சின்லி ஊரைத் தொட்டதும் போனில் மணி ஒரு மணி நேரம் முன்னால் குதித்தது. அரிசோனா கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை; அதற்குள் இருக்கும் நவாஹோ பழங்குடிகளின் தேசம் மாற்றும். கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கு அங்கேதான். விளிம்பில் நின்றால் செங்குத்தாக இறங்கும் செம்மண் நிறப் பாறை, அடியில் பச்சைத் துணியைக் காயப்போட்ட மாதிரி சோளக்கொல்லை, ஒரு தகரக் கூரை. நவாஹோ குடும்பங்கள் இன்றைக்கும் பள்ளத்தாக்குக்குள் பயிர் செய்கின்றன. பள்ளத்தாக்கின் நடுவிலிருந்து ஸ்பைடர் ராக் என்ற ஒற்றைப் பாறை சுமார் 800 அடி எழும்பி நிற்கிறது. 1864இல் கிட் கார்சனின் அமெரிக்கப் படை இந்தப் பள்ளத்தாக்கில் புகுந்து, பயிரை அழித்து, பீச் மரத் தோப்புகளையும் வெட்டிப்போட்டது. ஜனங்களை நியூ மெக்சிகோ வரை நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கொண்டுபோனார்கள். 1868இல்தான் திரும்பி வர முடிந்தது.

அந்த விளிம்பில் ஒரு நவாஹோ பாட்டி மடக்கு மேஜை போட்டு, மணற்கல் வில்லைகளில் மானும் மனிதனும் கீறி விற்றுக்கொண்டிருந்தார். இருபது டாலர். நான் பதினைந்துக்குக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, சரி என்று செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். வண்டியில் திருட்டுக் கல், கையில் ஐந்து டாலர் பேரம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மான்யுமென்ட் வேலி. சினிமாவில் பார்த்துப் பார்த்துப் பழகிய இடம்தான், ஜான் ஃபோர்டு 1939இல் ‘ஸ்டேஜ்கோச்’ எடுத்ததிலிருந்து. ஆனாலும் கையுறை மாதிரி நிற்கும் அந்த இரண்டு பாறைகளின் நிழல், சாயங்காலம் மண்ணில் நீண்டுகொண்டே போவதை எந்தப் படமும் சரியாகக் காட்டவில்லை. முந்தின நாள் கேன்யன் டி ஷேயில் பார்த்த அதே மணற்கல் அடுக்குதான் இங்கே தூண் தூணாக நிற்கிறது. சிவப்புக்குக் காரணம் இரும்பு. என் டப்பாவில் இருந்ததைச் சிவப்பாக்கியதும் அதுதான்.

மூன்றாம் நாள் காலை யூட்டா பக்கம் மோக்கி டக்வே ஏறினேன். 1950களில் யுரேனியத் தாது லாரிகளுக்காக மலை முகத்தில் வெட்டிய சாலை. மூன்று மைல் வெறும் சரளை, ஆயிரம் அடிக்கு மேல் ஏற்றம், பல இடங்களில் ஓரத்தில் தடுப்பே கிடையாது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் டிக்கியிலிருந்து ‘டொக்… டொக்…’ என்று ஒரு சத்தம். டிஷ்யூ கிழிந்து கல் எவர்சில்வரில் உருள்கிறது. மேலே போய் மியூலி பாயின்ட் முனையில் உட்கார்ந்தேன். கீழே சான் ஹுவான் நதி பாம்பு மாதிரி மடிந்து மடிந்து போகிறது, தூரத்தில் நேற்றுப் பார்த்த தூண்கள். காற்றைத் தவிர ஒரு சத்தம் இல்லை. இதற்காகத்தான் வந்தேன். ஆனால் பத்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை. தேசியப் பூங்காவில் கல் எடுத்தால் ஐயாயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அதைவிட, கிரீன் கார்டு விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: கைதாகாவிட்டாலும், எப்போதாவது குற்றம் செய்திருக்கிறீர்களா என்று. அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் அங்கே உட்கார்ந்து யோசித்தேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் அதுவும் பொய். அது வெறும் பயம்.

வீட்டுக்கு வந்ததும் பயம் போய்விட்டது, அவ்வளவு சீக்கிரம். கல்லைக் கழுவித் துடைத்து மேஜைமேல் வைத்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் கண் விரியப் பார்த்தாள்.

“எங்கப்பா எடுத்தீங்க?”

“கடையில வாங்கினேன்டா.”

மனைவி கல்லையும், பாட்டியிடம் வாங்கிய மணற்கல் பலகையையும் கையில் தூக்கிப் பார்த்தாள். “இது எவ்ளோ?” பன்னிரண்டு டாலர் என்றேன், யோசிக்காமல். “பரவாயில்ல, நல்லாருக்கு. இந்தப் பலகைக்குத்தான் பதினஞ்சு குடுத்து ஏமாந்துட்டீங்க.”

கல் மகளின் அலமாரியில், நீச்சல் பதக்கத்துக்குப் பக்கத்தில் குடியேறியது. ஒரு மாதம் கழித்து வகுப்பில் பிடித்த பொருளைக் கொண்டுவந்து பேசச் சொன்னார்கள். அவள் கல்லை எடுத்துப் போனாள். வந்து சொன்னாள்: “டீச்சர் கேட்டாங்கப்பா, பார்க்ல இருந்து எடுத்ததான்னு. நான் சொன்னேன், எங்கப்பா அப்படில்லாம் பண்ண மாட்டாங்க, கடைல வாங்கினாங்கன்னு.”

அன்றைக்குத்தான் எனக்கு வெட்கம் வந்தது. தேதியோடு சொல்ல முடியும்.

அதன் பிறகு அந்தப் பூங்காவைப் பற்றி ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். என்னைப் போன்றவர்கள் நிறைய. திருடிப் போன துண்டுகளை மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புவது 1930களிலிருந்தே நடக்கிறது. எடுத்ததிலிருந்து வேலை போச்சு, உடம்பு கெட்டது, பெண்டாட்டி விட்டுப் போனாள் என்று புலம்பும் கடிதங்கள். அவற்றைத் தொகுத்து 2014இல் ‘பேட் லக், ஹாட் ராக்ஸ்’ என்று ஒரு புத்தகமே வந்திருக்கிறது. திரும்பி வரும் கற்களைப் பூங்காவில் பழையபடி போட முடியாது. எந்த இடத்தில் கிடந்தது என்று தெரியாத கல்லை எங்கேயாவது போட்டால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது பொய்ச் சாட்சி. அதனால் தனியே ஒரு குவியலாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு ‘மனசாட்சிக் குவியல்’ என்று பெயர்.

அங்கே உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு நடத்திய ஒரு சோதனையும் கண்ணில் பட்டது. ‘ஏராளமானவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள்’ என்று வருத்தப்பட்டு ஒரு பலகை வைத்தபோது, போட்டு வைத்த துண்டுகளில் நூற்றுக்கு எட்டு காணாமல் போனது. ‘தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்று மட்டும் சொன்னபோது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. எனக்கு அது ஒரு நாள் முழுக்க ஆறுதலாக இருந்தது: மனித சுபாவம், நான் என்ன செய்ய? பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டால் பெரும்பாலான இடங்களில் மரங்கள் அப்படியேதான் இருக்கின்றன என்றும் படித்தேன். அது இன்னும் பெரிய ஆறுதல், பெரிதாக ஒன்றும் குறையவில்லையே என்று. அப்படியே இருப்பதற்குக் காரணம் மற்றவர்கள் எடுக்காமல் போனதுதான் என்பது மண்டையில் உறைக்க இரண்டு நாள் ஆயிற்று.

போன மாதம் அனுப்பிவிட்டேன். முதலில் எழுதிய கடிதத்தில் ‘என் குழந்தை தெரியாமல் எடுத்துவிட்டாள்’ என்று எழுதினேன். ஆமாம், எழுதினேன். திரும்பப் படித்துவிட்டுக் கிழித்தேன். இரண்டாவதில் ‘நான் எடுத்தேன், கிறிஸ்டல் ஃபாரஸ்ட் பாதை, இடது பக்கம்’ என்று நான்கு வரி. கையெழுத்துப் போடவில்லை. அனுப்புநர் முகவரியில் ஆறு வருடத்துக்கு முன் காலி செய்த அபார்ட்மென்ட் முகவரியை எழுதினேன். மனைவிக்கு நேற்றுதான் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பன்னெண்டு டாலர்?” என்று மட்டும் கேட்டாள். அக்கா மகனுக்கு இப்போது வாட்ஸ்அப் உண்டு. இரண்டு தடவை தட்டச்சு செய்து அழித்தேன். இதைத் தமிழில் எழுதுவதிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

அவள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில்தான் கல்லை எடுத்துப் பார்சல் கட்டினேன். சாயங்காலம் வந்து அலமாரியைப் பார்த்தாள். தான்தான் எங்கேயோ தொலைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். புத்தகப் பையைக் கொட்டிப் பார்த்தாள், சோபா இடுக்கில் கை விட்டுப் பார்த்தாள், பிறகு கட்டிலுக்கு அடியில் புகுந்தாள். இருட்டாக இருக்கிறது என்று கூப்பிட்டாள். நான் போனில் டார்ச்சைப் போட்டு, தரையில் படுத்து, அவளோடு சேர்ந்து தேடினேன்.

“பரவால்லப்பா,” என்றாள், முடியில் ஒட்டின தூசியோடு வெளியே வந்து. “அடுத்த தடவ அதே கடைக்குப் போய் இன்னொண்ணு வாங்கிக்கலாம்.”

சரிடா என்றேன்.